சுண்டுவிரலும் பாதி மோதிரவிரலும்

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த திங்கட்கிழமை காலையில், சேலைக்குக் கொசுவம் வைக்கும்போதுதான் என் வலக்கை எனக்குக் கட்டுப்படவில்லை என்பது தெரிந்தது. இருபது ஆண்டுகளாகக் கண்ணாடியைக்கூடப் பார்க்காமல் செய்துவரும் வேலை அது. கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் இடையில் துணியைப் பிடித்து, விரல்களை அகல விரித்து, மடிப்புகள் எல்லாம் ஒரே அளவில் அமையும்படி அடுக்கிக்கொண்டே போக வேண்டும். அன்று விரல்கள் விரியவில்லை. மூன்றாவது மடிப்புக்குள் துணி நழுவித் தரையில் விழுந்தது. மறுபடி எடுத்தேன், மறுபடி விழுந்தது. நான்காவது முறை அம்மா வந்து வைத்துவிட்டுப் போனார். வலி என்று சொல்லும்படி எதுவும் இல்லை. சுண்டுவிரலும் அதையடுத்த மோதிரவிரலும் மட்டும், பனிக்கட்டிக்குள் நெடுநேரம் வைத்திருந்து எடுத்தவை போல் மரத்துக் கிடந்தன.

அதற்கு முந்தைய நாள் திருவான்மியூரிலிருந்து புதுச்சேரி எல்லைவரை மிதிவண்டியில் சென்று திரும்பியிருந்தேன். ஏறத்தாழ 280 கிலோமீட்டர். பிப்ரவரியில் வரவிருந்த 600 கிலோமீட்டர் பிரவேக்கான கடைசிப் பெரிய பயிற்சி அது. நான் கீழே விழவில்லை, எதன்மீதும் மோதவில்லை, உடம்பில் ஒரு சிராய்ப்புகூட இல்லை. அதனாலேயே இதை ஒரு காயம் என்று ஏற்றுக்கொள்ள எனக்கு மேலும் பத்து நாட்கள் பிடித்தன. அந்தப் பத்து நாட்களையும் அதற்கு முந்தைய இரண்டு மாதங்களையும் ஒளிக்காமல் எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றுகிறது. ஏனென்றால் நெடுந்தூரம் ஓட்டும் நம்மவர்களில் பெரும்பாலானோர் இந்த மரத்துப்போதலை அறிந்திருக்கிறார்கள்; அறிந்தும் அதைப் பொருட்படுத்துவதில்லை.

பிரவே என்பதைக் கேள்விப்படாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அது பந்தயம் அன்று. குறித்த தூரத்தைக் குறித்த நேரத்துக்குள், பின்னால் உதவி வண்டி எதுவும் வராமல், தானே கடந்து முடிப்பது. 200 கிலோமீட்டருக்கு பதின்மூன்றரை மணி நேரம், 300க்கு 20, 400க்கு 27, 600க்கு 40 மணி நேரம். சாப்பிடுவதும் தூங்குவதும் பஞ்சர் ஒட்டுவதும் இந்த நேரத்துக்குள் அடக்கம். வழியில் உள்ள நிலையங்களில் கையிலுள்ள அட்டையில் முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். நவம்பர் 1 முதல் அடுத்த அக்டோபர் 31 வரையிலான ஒரே பருவத்துக்குள் இந்த நான்கு தூரங்களையும் முடிப்பவருக்கு சூப்பர் ரேன்டோனர் என்று பெயர். இந்தியாவில் இவற்றை நடத்துவது ஆடாக்ஸ் இந்தியா ரேன்டோனர்ஸ் அமைப்பு. முடித்ததற்கான அங்கீகாரம் 1904-இல் தொடங்கப்பட்ட ஆடாக்ஸ் கிளப் பாரிசியன் என்ற பிரெஞ்சு மன்றத்திலிருந்து வருகிறது. இதற்கெல்லாம் சிகரமாக இருப்பது பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ். 1891-இல் முதன்முதலாக நடந்த அந்த 1,200 கிலோமீட்டர் பயணம் இப்போது நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கிறது. அதிகபட்ச அவகாசம் 90 மணி நேரம். அடுத்தது 2027 ஆகஸ்டில். அதற்கு முந்தைய ஆண்டில் எவ்வளவு நீளமான பிரவேயை முடித்திருக்கிறோமோ அதைப் பொறுத்தே முன்பதிவில் முந்திக்கொள்ளும் வாய்ப்பு கிடைக்கும் என்பது கடந்த முறைகளில் இருந்த நடைமுறை. எனவே இந்தப் பருவத்தின் 600 எனக்கு வெறும் 600 ஆக இருக்கவில்லை.

முதல் அறிகுறி டிசம்பர் தொடக்கத்தில், 300 கிலோமீட்டர் பிரவேயின் மறுநாள் வந்தது. சுண்டுவிரலில் எறும்பு ஊர்வது போன்ற உணர்வு. இரண்டு நாளில் மறைந்தது. டிசம்பர் இறுதியில் 400-ஐ 25 மணி நேரத்தில் முடித்தேன். அதன்பின் இரு கைகளிலும் அந்த ஊர்தல் ஒரு வாரம் இருந்தது, வலக்கையில் சற்று அதிகமாக. எங்களோடு ஓட்டுபவர்களில் மூத்தவர் ஒருவரிடம் சொன்னேன். "எல்லாருக்கும் வர்றதுதான்மா, பழகிடும்" என்றார். அவர் நல்ல மனிதர். அவருக்கு அது அப்படித்தான் வந்து போயிருக்கிறது. ஆனாலும் அந்தச் சொல்லை நான் பிடித்துக்கொண்டதற்கு அவர் காரணமல்லர். எனக்கு அந்த விடைதான் வேண்டியிருந்தது.

எங்கள் பேச்சில் துன்பங்களுக்கு ஒரு வரிசை இருக்கிறது. தூக்கமின்மை, வயிற்றுக் குமட்டல், இருக்கைப் புண், முழங்கால் வலி ஆகியவற்றை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வோம். தாங்கிக்கொண்டதைப் பெருமையாகவும் நினைப்போம். விரல் மரத்துப்போவது அந்த வரிசையில் இடம்பெறுவதே இல்லை. முழங்கால் வலித்தால் மிதிப்பதை நிறுத்துகிறோம், ஏனென்றால் வலி நம்மை நிறுத்தச் சொல்கிறது. மரத்துப்போன விரல் எதையும் சொல்வதில்லை. கையை நான்கு முறை உதறிவிட்டுத் தொடர்ந்து போய்விடலாம்.

ஜனவரிப் பயிற்சிக்கு அதிகாலை மூன்று மணிக்குக் கிளம்பினேன். மாமல்லபுரம்வரை கிழக்குக் கடற்கரைச் சாலை வழுவழுப்பானது. அதற்கப்பால் சாலையை அகலப்படுத்தும் வேலை நடந்த இடங்களில் பழைய தார்ப்பரப்பு பெயர்ந்தும், ஒட்டுப்போட்டும், சில இடங்களில் வெறும் ஜல்லியாகவும் கிடந்தது. பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி மரக்காணம் உப்பளங்களை எட்டும்போது விடிந்துவிட்டது. போகும்போது காற்று முதுகுக்குப் பின்னால் இருந்ததால் அந்தச் சாலையின் கரடுமுரடு எனக்கு அவ்வளவாக உறைக்கவில்லை. ஜனவரியில் இந்தக் கரையில் காற்று வடகிழக்கிலிருந்து வரும். புதுச்சேரியிலிருந்து சென்னைக்குத் திரும்புகிறவர் அதை முகத்தில் வாங்கிக்கொண்டேதான் வர வேண்டும். காற்றுக்குத் தப்ப உடம்பைத் தாழ்த்தினேன். ஹேண்டில்பாரின் வளைந்த கீழ்ப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு, ஏறத்தாழ ஏழு மணி நேரம், ஒரே நிலையில் வந்தேன். ஒவ்வொரு ஒட்டுப்போட்ட பள்ளமும் முன்சக்கரத்தின் வழியாக உள்ளங்கையின் அடியில் வந்து குத்தியது.

கடப்பாக்கத்தை நெருங்கும்போது கியர் மாறவில்லை. வலப்பக்கத்துக் கியர் நெம்புகோலை விரலால் உட்புறமாகத் தள்ள வேண்டும். எவ்வளவு தள்ளியும் அது அசையவில்லை. கேபிள் இறுகிவிட்டது என்றே நினைத்தேன். சாலையோரப் புளியமரத்தடியில் வண்டியைச் சாய்த்துவிட்டுக் கேபிளைத் தடவிப் பார்த்தேன், எண்ணெய் விட்டேன். பிறகு உள்ளங்கையின் அடிப்பகுதியால் நெம்புகோலைத் தள்ளியபோது கியர் மிக இலகுவாக மாறியது. அந்த நிமிடத்திலாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டும். கேபிளில் குறை இல்லை, விரலில்தான் குறை என்பதை அந்த நெம்புகோல் தெளிவாகக் காட்டிவிட்டது. நானோ எஞ்சியிருந்த நூறு கிலோமீட்டரையும் உள்ளங்கையால் கியர் மாற்றியபடி ஓட்டி வீட்டுக்கு வந்தேன். அன்று இரவு, முழுத் தூரத்தையும் முடித்துவிட்ட நிறைவோடு தூங்கினேன்.

மறுநாள் கொசுவத்துக்குப் பிறகு ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கியது. மதியம் ரசம் சாதம் பிசைந்தபோது சோறு விரல்களுக்கிடையே வழிந்தது. சோற்றைக் கூட்டிக் குவித்து எடுக்கும் வேலையில் சுண்டுவிரலுக்கு எவ்வளவு பங்கு இருக்கிறது என்பதை நாற்பத்தொரு வயதில் முதன்முதலாகக் கவனித்தேன். விரலைக் குவித்து வாய்க்குக் கொண்டுபோகும் வழியிலேயே பாதி இலையில் சிந்தியது. கரும்பலகையில் எழுதும்போது சாக்பீஸ் பிடியிலிருந்து சுழன்றது; பின்வரிசைப் பையன் ஒருவன், "மிஸ், எழுத்து தெரியல" என்றான். அம்மா, "இது நரம்புத் தளர்ச்சிதான்டி, ராத்திரியெல்லாம் சைக்கிள் ஓட்டினா வராம என்ன செய்யும்" என்று சொல்லிப் பாலில் பேரீச்சம்பழம் ஊறவைத்துத் தந்தார். மருந்துக்கடையில் பி12 மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டேன். வியாழக்கிழமை ஆய்வகத்து அலமாரியின் சாவியைத் திருப்ப முடியாமல் உதவியாளரை அழைக்க நேர்ந்த பிறகுதான் மருத்துவரைப் பார்க்கப் போனேன்.

நான் முதலில் பார்த்த மருத்துவர் கழுத்தெலும்புத் தேய்மானமாக இருக்கலாம் என்று எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். நான் மிதிவண்டியைப் பற்றி அவரிடம் சரியாகச் சொல்லவுமில்லை. "உடற்பயிற்சி செய்வேன்" என்றுதான் சொன்னேன். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. அதில் ஒரு வாரம் போனது. அதன்பிறகு கை அறுவைச் சிகிச்சை வல்லுநர் ஒருவரிடம் சென்றேன். அவர் கேட்ட முதல் கேள்வியே, "தொடர்ந்து எவ்வளவு நேரம் ஹேண்டில்பாரைப் பிடிப்பீர்கள்?" என்பதுதான்.

அந்தப் பரிசோதனையை விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் அதில் பாதியை எவரும் வீட்டிலேயே செய்து பார்த்துக்கொள்ள முடியும். பஞ்சைத் திரித்து அதன் நுனியால் என் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டார். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றிலும் தெளிவாகத் தெரிந்தது. சுண்டுவிரலில் ஏதோ துணிக்கு மேலிருந்து தொடுவது போல் இருந்தது. மோதிரவிரலின் நடுவிரல் பக்கத்தைத் தொட்டபோது உணர்ந்தேன். அதே விரலின் சுண்டுவிரல் பக்கத்தைத் தொட்டபோது உணரவில்லை. ஒரே விரலின் நெடுக்குவாட்டில் ஓர் எல்லைக்கோடு ஓடுகிறது. ஒரு பாதி மீடியன் நரம்பின் ஆட்சியிலும் மறுபாதி அல்நார் நரம்பின் ஆட்சியிலும் இருக்கிறது என்று அவர் விளக்கினார். பிறகு கையைத் திருப்பி, புறங்கையின் சுண்டுவிரல் பக்கத்தைத் தொட்டார். அங்கே உணர்வு முழுமையாக இருந்தது. அது நல்ல செய்தி என்றார். புறங்கைக்குச் செல்லும் கிளை மணிக்கட்டுக்குச் சில சென்டிமீட்டர் மேலேயே பிரிந்துவிடுகிறது. ஆகவே நரம்பு முழங்கையிலோ கழுத்திலோ நசுங்கியிருந்தால் புறங்கையும் மரத்திருக்கும். அது தப்பியிருப்பதால் நசுங்கிய இடம் மணிக்கட்டுக்குக் கீழே, உள்ளங்கையின் அடியில் இருக்கிறது.

கடைசியாக ஒரு தாளைக் கொடுத்து, இரு கைகளின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில், விரல்களை மடக்காமல் பிடித்துக்கொள்ளச் சொல்லி இழுத்தார். இடக்கை தாளை விடவில்லை. வலக்கையில், தாளைக் காப்பாற்றுவதற்காகக் கட்டைவிரலின் நுனிமூட்டு தானாகவே மடங்கிக் கொக்கி போல் ஆனது. அப்படியும் தாள் போய்விட்டது. கட்டைவிரலை ஆள்காட்டியோடு சேர்த்து அழுத்தும் தசை அல்நார் நரம்பினால் இயங்குவது. அது தளரும்போது மீடியன் நரம்பின் கிளையால் இயங்கும் வேறொரு தசை உதவிக்கு வந்து நுனியை மடக்குகிறது. இதை 1915-இல் ஃபிரோமென் என்ற பிரெஞ்சு மருத்துவர் விவரித்திருக்கிறார். என் சாவி, என் சாக்பீஸ், அந்தக் கியர் நெம்புகோல், சேலையின் கொசுவம் எல்லாவற்றுக்கும் அந்த ஒரு தாளில் விளக்கம் கிடைத்தது. விரல்களை விரிப்பதும் சேர்ப்பதும், ஆள்காட்டி விரலைப் பக்கவாட்டில் தள்ளுவதும் அதே நரம்பின் ஆழ்கிளை செய்யும் வேலைகள்.

அல்நார் நரம்பை நாம் எல்லோரும் அறிவோம். முழங்கையை மேசை விளிம்பில் இடித்துக்கொண்டால் சுண்டுவிரல்வரை விர்ரென்று மின்சாரம் பாய்வது போல் இருக்குமே, அது இந்த நரம்புதான். முழங்கைக்குப் பின்னால் தோலுக்கடியில் ஓடி, முன்கையில் இறங்கி, மணிக்கட்டில் பட்டாணி வடிவிலான ஒரு சிற்றெலும்புக்கும் கொக்கி போன்ற மற்றோர் எலும்பு முனைக்கும் இடையிலுள்ள குறுகிய கால்வாயின் வழியாகக் கைக்குள் நுழைகிறது. அந்தக் கால்வாய்க்கு, அதை 1861-இல் விவரித்த ஃபெலிக்ஸ் கியோன் என்ற பிரெஞ்சு மருத்துவரின் பெயர். ஹேண்டில்பாரின்மீது உள்ளங்கையின் அடியை ஊன்றும்போது நாம் ஊன்றுவது சரியாக இந்தக் கால்வாயின்மீதுதான். மணிக்கட்டு பின்னால் வளைந்திருந்தால் கால்வாய் இன்னும் இறுகுகிறது. ஆங்கில மருத்துவ நூல்களில் இதற்கு மிதிவண்டியோட்டிகளின் பெயரிலேயே ஒரு வழக்குப் பெயர் இருக்கிறது. அவ்வளவு பழகிய காயம். சிலருக்கு உணர்வு மட்டும் போகும், சிலருக்கு உணர்வு முழுதாக இருக்க வலிமை மட்டும் போகும், எனக்கு இரண்டும் போயிருந்தன. எந்தக் கிளை பிரிவதற்கு முன்போ பின்போ அழுத்தம் விழுகிறது என்பதைப் பொறுத்தது அது. வலிமை மட்டும் இழப்பவர்களை நினைத்தால் எனக்கு அச்சமாக இருக்கிறது. அவர்களுக்கு மரத்துப்போதல் என்ற எச்சரிக்கைகூடக் கிடைப்பதில்லை.

நரம்புக் கடத்துத்திறன் சோதனையில், மணிக்கட்டைக் கடக்கும் இடத்தில் மின்துடிப்பு மிகவும் மெதுவாகச் செல்வது தெரிந்தது. நரம்பிழைகளில் பெரும்பகுதி சாகவில்லை, மேலுறை பாதிக்கப்பட்டதால் கடத்தல் தடைப்பட்டிருக்கிறது, அழுத்தத்தை நீக்கினால் சில வாரங்களிலிருந்து மூன்று மாதங்களுக்குள் திரும்பும் என்றார் மருத்துவர். சிறிய பங்கு இழைகள் முறிந்திருக்கலாம். அவை நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வீதம் வளர்ந்துதான் திரும்ப வேண்டும். வீட்டுக்கு வந்து அளந்து பார்த்தேன். மணிக்கட்டு மடிப்பிலிருந்து சுண்டுவிரல் நுனிவரை 15 சென்டிமீட்டர். ஐந்து மாதம். பிப்ரவரி 600-ஐப் பற்றி நான் கேட்டபோது அவர் ஒரு விநாடி யோசித்துவிட்டு, அந்த நிலையில் இன்னும் நாற்பது மணி நேரம் ஊன்றினால் தடைப்பட்ட இழைகளும் முறிந்த இழைகளாகிவிடலாம் என்று மட்டும் சொன்னார். அன்று மாலையே பெயரை விலக்கிக்கொண்டேன்.

அதன்பிறகு எஞ்சியிருந்த கேள்வி, ஏன் இந்தப் பருவத்தில் மட்டும் இப்படி ஆயிற்று என்பது. அதே வண்டியில் முந்தைய இரண்டு பருவங்களிலும் 400 வரை ஓட்டியிருக்கிறேன். நான் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவள். விசையைப் பரப்பால் வகுத்தால் அழுத்தம் என்று ஆண்டுதோறும் பலகையில் எழுதுகிறவள். என் உடலின் எடை மூன்று இடங்களில் இறங்குகிறது: இருக்கை, பெடல்கள், கைகள். மூன்றில் ஒன்றில் குறைந்தால் மற்றவற்றில் கூட வேண்டும். இதை என் வண்டிக்குப் பொருத்திப் பார்க்க எனக்கு ஒரு காயம் தேவைப்பட்டது என்பதை வருத்தத்தோடுதான் எழுதுகிறேன்.

நவம்பரில் 200 முடித்தபோது இருக்கையின் முன்முனை அழுத்தி மிகுந்த எரிச்சல் தந்தது. பெண்களுக்கு இது அடிக்கடி நேர்வது. வெளிப்படையாகப் பேசப்படாததால் ஒவ்வொருவரும் தனியாகவே ஏதோ ஒரு வழியைக் கண்டுபிடிக்கிறார்கள். நான் கண்ட வழி, இருக்கையின் முனையைச் சற்றே கீழே சாய்ப்பது. எரிச்சல் உடனே நின்றது. அளந்து பார்க்கவில்லை, இப்போது கைப்பேசியின் மட்டம் பார்க்கும் செயலியால் அளந்தபோது நான்கு டிகிரி சாய்ந்திருந்தது. நான்கு டிகிரி என்பது கண்ணுக்கு ஒன்றுமில்லை. ஆனால் முன்பக்கம் சரிந்த இருக்கையில் உடம்பு ஓயாமல் வழுக்கிக்கொண்டே இருக்கும். அந்த வழுக்கலைத் தடுத்துப் பின்னால் தள்ளிக்கொண்டே இருப்பவை கைகள். ஒரு இடத்தின் துன்பத்தைத் தீர்த்து, அதைக் கைகளுக்கு அனுப்பிவைத்திருக்கிறேன். கைகள் புகார் சொல்லாமல் வாங்கிக்கொண்டன.

மற்றொன்றும் இருக்கிறது, அதை நான் எங்கும் படித்து அறியவில்லை, கணக்குப் போட்டுத்தான் உணர்ந்தேன். வலுவாக மிதிக்கும்போது பெடல் நம்மை மேல்நோக்கித் தாங்குகிறது. இருக்கையிலும் கையிலும் எடை குறைகிறது. இருநூறு கிலோமீட்டருக்குப் பிறகு கால் சோர்ந்து மிதி இலேசாகும்போது, அந்த எடை மீண்டும் இருக்கைக்கும் கைக்கும் வருகிறது. முதுகும் வயிற்றுத் தசைகளும் அதே நேரத்தில் சோர்வதால், நிமிர்த்திப் பிடிக்க வேண்டிய உடம்பை நாம் கைகளின்மேல் சாய்த்துவிடுகிறோம். ஆகவே முதல் நூறு கிலோமீட்டரில் சரியாக இருக்கும் அமைப்பு, மூன்றாவது நூறில் சரியாக இருக்கும் என்று நம்பக்கூடாது. என் 200-இல் ஒன்றும் தெரியாமல், 300-இல் தொடங்கி, 400-இல் வளர்ந்ததற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

இவற்றோடு டயரில் 100 பிஎஸ்ஐ காற்று அடித்து ஓட்டிக்கொண்டிருந்தேன். 28 மில்லிமீட்டர் டயருக்கும் என் 58 கிலோ எடைக்கும் அது மிக அதிகம். காற்று நிறைய இருந்தால் வேகம் கூடும் என்ற பழைய நம்பிக்கை. இப்போது முன்சக்கரத்தில் 60, பின்சக்கரத்தில் 70. வேகத்தில் வேறுபாடு எதுவும் எனக்குத் தெரியவில்லை, கையில் தெரிகிறது. முனையில் குழிவுள்ள, என் உட்காரும் எலும்புகளின் அகலத்துக்குப் பொருந்தும் வேறொரு இருக்கையை மாற்றி அதை மட்டமாக வைத்தேன். ஒரு சென்டிமீட்டர் பின்னுக்கும் தள்ளினேன். ஹேண்டில்பாரைத் தாங்கும் தண்டை 100 மில்லிமீட்டரிலிருந்து 80-ஆகக் குறைத்து, ஒன்றரை சென்டிமீட்டர் உயர்த்தினேன். கையுறை விஷயத்தில் ஒரு வார்த்தை: திண்டு தடிமனாக இருந்தால் போதும் என்று வாங்கியிருந்தேன். என் பழைய கையுறையில் தடிமனான திண்டு சரியாக அந்தக் கால்வாயின்மேல் அமர்ந்து, அழுத்தத்தை அங்கேயே குவித்துக்கொண்டிருந்தது. கால்வாய்க்கு இருபுறமும் திண்டு பிரிந்து நடுவில் பள்ளம் விடும் கையுறைதான் உதவும்.

அமைப்பு சரியா என்று பார்க்க இயன்முறை மருத்துவர் ஓர் எளிய வழி சொல்லித்தந்தார். வண்டியை வீட்டுக்குள் பயிற்சித் தாங்கியில் பூட்டி, வழக்கமான வேகத்தில் மிதித்தபடி, உடம்பின் நிலையை மாற்றாமல் இரு கைகளையும் ஹேண்டில்பாரிலிருந்து ஓரங்குலம் தூக்க வேண்டும். பழைய அமைப்பில் தூக்கிய கணமே முன்னால் விழப்போனேன். புதிய அமைப்பில் முதல் நாள் ஐந்து விநாடி நின்றேன். முதுகுக்கும் வயிற்றுக்குமான பயிற்சிகளை ஒரு மாதம் செய்தபின் இருபது விநாடி.

சிகிச்சை என்று பார்த்தால் பெரிதாக எதுவும் இல்லை. இரவில் மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டை, ஆறு வாரம் சாலையில் ஓட்டாமை, நரம்பை மெல்ல நகர்த்தும் பயிற்சிகள், பிறகு விரல்களுக்கு ரப்பர் வளையம். சப்பாத்தி மாவு பிசைவதையும் பயிற்சியாகவே சேர்த்துக்கொண்டேன். மற்றபடி காத்திருப்பதுதான்.

பிப்ரவரி 600 நடந்த இரவில் நான் உளுந்தூர்ப்பேட்டைக்கு அருகே ஒரு சாலையோர உணவகத்தில், 210-ஆவது கிலோமீட்டர் நிலையத்தில் முத்திரை குத்தும் தன்னார்வலராக அமர்ந்திருந்தேன். அட்டைகளை வாங்கும்போது இரண்டு முறை என் விரல்களிலிருந்து நழுவி மேசைக்கடியில் விழுந்தன. வந்தவர்கள் எல்லோரிடமும் விரல் மரத்திருக்கிறதா என்று கேட்டேன். பதினேழு பேரிடம் கேட்டதில் ஒன்பது பேர் ஆமென்றார்கள். கேட்டிராவிட்டால் ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார்கள். கல்லூரி முடித்த வயதுள்ள ஒரு பையன், "ரெண்டு விரல் இல்லவே இல்லக்கா, பரவாயில்ல, பழகிடும்" என்று சிரித்துக்கொண்டே தேநீர்க் குவளையை இரு கைகளாலும் ஏந்திக்கொண்டான். அவனுடைய வண்டியைப் பார்த்தேன். இருக்கை முன்னால் சரிந்திருந்தது. ஆறுமுனைச் சாவியை எடுத்து நானே திருப்ப முயன்றேன், திருகாணி அசையவில்லை. அவனிடமே சாவியைக் கொடுத்து, இங்கே, இவ்வளவு, என்று காட்டித் திருப்பச் சொன்னேன். தாளைப் பிடிக்கச் சொல்லியும் இழுத்துப் பார்த்தேன். அவன் கட்டைவிரல் மடங்கவில்லை. வலிமை இருக்கும்வரை, கையின் இடத்தைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டு போகலாம், தாள் நழுவினால் நிறுத்திவிட வேண்டும் என்று சொன்னேன். இரசீதுத் தாள் ஒன்றை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு இருட்டுக்குள் போனான். மறுநாள் மாலை முடித்துவிட்டதாகச் செய்தி அனுப்பினான். விழுப்புரத்துக்கு அருகே ஒரு முறை தாளை எடுத்துப் பார்த்ததாகவும் எழுதியிருந்தான்.

எனக்கு ஐந்தாவது வாரத்தில் சுண்டுவிரலின் அடிப்பகுதியில் மறுபடியும் எறும்பு ஊர்ந்தது. இம்முறை அது வரவேற்க வேண்டிய ஊர்தல், உணர்வு திரும்புவதன் தொடக்கம். ஒன்பதாவது வாரத்தில் கொசுவத்தை நானே வைத்தேன். ஏழு மடிப்பில் இரண்டு கோணலாக இருந்தன, அவிழ்க்காமல் அப்படியே பள்ளிக்குப் போனேன். சாதம் பிசைவது அதற்கும் முன்பே சரியாகிவிட்டது. நுனி மட்டும் நெடுநாள் பிந்தியது; ஜூன் மாத இறுதியில்தான் ஊசி முனைக்கும் பஞ்சு முனைக்கும் அங்கே வேறுபாடு தெரிந்தது.

ஜூலையில் ஒரு 200-க்குப் பெயர் கொடுத்தேன். ஒவ்வொரு 25 கிலோமீட்டருக்கும் இறங்கி, விரல்களை விரித்துச் சேர்த்து, கட்டைவிரலால் சுண்டுவிரலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அதற்கே மொத்தத்தில் முக்கால் மணி நேரம் போயிருக்கும். 104-ஆவது கிலோமீட்டரில் இருந்த நிலையத்தை முற்பகல் பதினோரு மணிக்கு அடைந்தேன். மேசைக்குப் பின்னால் அமர்ந்திருந்த தம்பி முத்திரைக்காக அட்டையைக் கேட்டார். அதைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில், இரண்டையும் நேராக வைத்துப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் வலுவாக இழுங்கள் என்றேன். காரணம் புரியாமல் என் முகத்தை ஒரு முறை பார்த்துவிட்டு அவர் இழுத்தார். அட்டை வரவில்லை. கட்டைவிரலும் மடங்கவில்லை. பிறகு நானே விட்டேன், அவர் முத்திரை குத்தித் தந்தார்.